தையல் ஆறாத இடம்

ஒன்பதே நாளில் ஆறிவிடும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். பதினோராம் நாள் காலையில் வயிற்றுப் பெல்ட்டை அவிழ்த்துவிட்டுக் கண்ணாடி முன் நின்ற இலக்கியா, அடிவயிற்றுத் தையலின் மேல் ஒட்டியிருந்த படலம் நடுவில் பழுத்துக் கிடப்பதைப் பார்த்தாள். இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். இடது இடுப்பெலும்பிலிருந்து வலது இடுப்பெலும்பு வரை ஒரு முழத்துக்கு அறுத்திருந்தார்கள். அத்தனையும் சுவடு தெரியாமல் ஒட்டிக்கொண்டது. இந்த இடம் மட்டும் ஒட்டவில்லை. விரலால் லேசாக அழுத்தினாள். இளஞ்சிவப்பாக நீர் கசிந்தது.

இலக்கியாவுக்கு வயது நாற்பத்தேழு. கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். மகள் பிறந்த பிறகு ஏறிய உடம்பு பதினைந்து வருஷம் இறங்கவேயில்லை. பிறகு மூன்று வருஷம் ஓடி, நடந்து, வாயைக் கட்டி முப்பத்தெட்டு கிலோ குறைத்தாள். கொழுப்பு போனது, தோல் போகவில்லை. பிள்ளைகளுக்குக் கயிறு தாண்டிக் காட்டும்போது அவள் ஒருமுறை தாண்டினால் வயிறு தனியாக இன்னொரு முறை தாண்டியது. மடிப்புக்குள் வியர்த்து வியர்த்துப் புண் வந்தது. கடைசியில் கணவன் மித்ரன்தான், "டம்மி டக் பண்ணிக்கோ, தொங்கற தோலை வெட்டி எடுத்துருவாங்க. இப்பத்தான் ஆற்றுப்படலம் வந்துடுச்சே, என்ன பயம்?" என்று சொன்னான்.

ஆற்றுப்படலம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. வெங்காயச் சருகைப் போல மெல்லியது. தையலின் மேல் ஒட்டிவிட்டால், உடம்புக்குச் சொந்தமான செல்களை அடையாளம் கண்டு அந்த இடத்துக்குக் கூட்டிவரும். சொந்தமில்லாத எதையும், கிருமியோ தூசியோ, அண்டவிடாமல் அழித்துவிடும். அது வந்த பிறகு தழும்பு என்பதே அபூர்வமாகிவிட்டது. மகள் தூரிகாவின் வயதுப் பெண்கள், பழைய ஆட்களின் கை கால்களில் இருக்கும் வடுக்களை ஏதோ பச்சை குத்தியதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

மருத்துவமனையில் காயப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ரெபேக்கா சிஸ்டருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். படலத்தின் ஓரத்தை நெம்பிப் பார்த்துவிட்டு, வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

"சக்கரை இருக்குதுங்களா?"

"இல்லைங் சிஸ்டர்."

"முதல் வாரம் குனிஞ்சுதான நடந்தீங்க? வெறப்பா நிமிர்ந்து நடந்தா நடுவுல இழுத்துக்கும்."

"கெழவி மாதிரித்தான் நடந்தேன்."

"சிகரெட்டு?"

"சிஸ்டர், நான் பி.டி. டீச்சருங்க."

"பி.டி. டீச்சருக எத்தனையோ பேரு இதே கட்டில்ல படுத்து ஒத்துக்கிட்டிருக்காங்க" என்றாள் ரெபேக்கா. இலக்கியா சிரித்தாள். சிரித்ததும் வயிறு இழுத்தது.

படலம் தானாகவே திரட்டி அனுப்பியிருந்த விவரத்தை ரெபேக்கா திரையில் திறந்தாள். ஒருமுறை படித்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து இன்னொருமுறை படித்தாள்.

"கூட யாராச்சும் வந்திருக்காங்களா?"

"இல்லைங், தனியாத்தான் வந்தேன்."

"நல்லதுங்க. உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

"ஒரே பொண்ணு. ஓசூர்ல படிக்கிறா."

"பையன் இல்லைங்களா? உங்ககூட ரெட்டையாப் பொறந்தவங்க? எப்பவாச்சும் ரத்தம் ஏத்திருக்காங்களா?"

எல்லாவற்றுக்கும் இலக்கியா இல்லை என்றே சொன்னாள். ரெபேக்கா நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் சொல்றதைக் கேட்டுப் பயந்துக்காதீங்க. இந்த ஆறாத இடத்துல இருக்கற செல்லுல பத்துல ஒண்ணு உங்களோடது இல்லை. ஆம்பளை செல்லுங்க."

"அதெப்படிங்க?"

"குழந்தை வயித்துல இருக்கறப்ப நம்ம சத்து அதுக்குப் போகுதில்லைங்களா, அந்த மாதிரி அதோட செல்லும் நமக்கு வரும். குழந்தை வெளிய போன பொறகும் அதுல கொஞ்சம் போகாது. எலும்புக்குள்ள, ஈரல்ல, எங்கயாச்சும் ஒண்டிக்கிட்டு இருபது முப்பது வருஷம் உசுரோட இருக்கும். அம்மாவுக்கு எங்கயாச்சும் அறுபட்டா ஓடி வந்துரும், ஆத்தறதுக்கு. இது ரொம்ப வருஷமாத் தெரிஞ்ச சமாச்சாரம்தானுங்க. தழும்பு விட்டு ஆறுன காலத்துல இதைப் பத்தி யாரும் கவலைப்படலை. இப்ப படலம் வந்துதுங்களா, அது இதைத் திருடன்னு நெனைச்சு அடிக்குது. இது ஆத்த வருது, அது அடிச்சு வெரட்டுது. நடுவுல உங்க தையல் விட்டுப்போச்சு."

இலக்கியா கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"பிரசவம் ஆகாமப் போனாலும் இப்படி இருக்குங்களா?"

ரெபேக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் பஞ்சை எடுத்துக் கசிவைத் துடைத்தாள். "நாலஞ்சு மாசம் இருந்தாலே போதும் கண்ணு" என்றாள். அதுவரை வாங்க போங்க என்று பேசியவள் அவள்.

டாக்டர் முபாரக் வந்தார். அவருக்கு இது புதிதல்ல. இரண்டு வழி இருக்கிறது என்றார். "ஒண்ணு, அந்தச் செல்லை மருந்து விட்டு மொத்தமாத் துடைச்சிடறது. இருபது நிமிஷ வேலை. புதுப் படலம் ஒட்டினா நாலே நாள்ல மூடிடும், தழும்பு இருக்காது. நான் இதைத்தான் சொல்வேன்."

"இன்னொண்ணுங்க டாக்டர்?"

"அந்தச் செல் உங்க குழந்தையோடதுன்னு பதிவு பண்ணி, படலத்தை அதை ஏத்துக்க வைக்கிறது. ஆனா அதுக்கு அப்பாவோட மாதிரியும் கையெழுத்தும் வேணும். அந்தச் செல்லுல பாதி அவரோடது, சட்டம் அப்படி. அவ்வளவு பாடுபட்டாலும் அந்த இடத்துல தடிப்பா ஒரு வடு நின்னுடும். திங்கட்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க. அதுக்கு மேல விட்டா உள்ள சதையைச் சேர்த்து இழுத்துத் தைச்சிருக்கமே, அங்க சீழ் இறங்கிடும். அப்புறம் மறுபடி திறக்கணும்."

அவர் போன பிறகு ரெபேக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "இந்த ரிப்போர்ட்டு உங்க வீட்டுக்காரரும் பார்க்கற குடும்ப நலப் பக்கத்துக்குத் தானாவே போயிருமுங்க. காலையில எட்டு மணிக்கே போயிருச்சு. என்னால நிறுத்த முடியலை. இந்த வருஷத்துல மட்டும் மூணு வீட்டுல இதனால தகராறு. ஒருத்தரு பொண்டாட்டியைப் பொறந்த ஊட்டுக்கே அனுப்பிட்டாரு. நீங்களே மொதல்ல சொல்லிடறது நல்லது."

அன்று வியாழக்கிழமை.

வாடகைக் காரில் வீட்டுக்குத் திரும்பும்போது சிங்காநல்லூர்க் குளத்தைத் தாண்டித்தான் வந்தாள். குளத்தைப் பார்த்ததும் 2037-ஆம் வருஷம் கண்முன் வந்து நின்றது. அவளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பேருந்துகளுக்கு டிரைவர்கள் இருந்த காலம். டவுன் பஸ்ஸில் ஏறினால் காது கிழியப் பாட்டுப் போடுவார்கள். காந்திபுரத்திலிருந்து வரும் ஒரு தனியார் பஸ்ஸை கவின்ராஜ் ஓட்டினான். விளையாட்டுப் படிப்புக்குப் போய்க்கொண்டிருந்த அவள் தினமும் அந்த வண்டிக்காகவே இரண்டு பஸ்களை விட்டுவிட்டு நிற்பாள். அவன் அவளுக்குப் பிடித்த பாட்டாகத் தேடிப் போடுவான். வீட்டில் யாருக்கும் பிடிக்காமல்தான் கல்யாணம் ஆனது. குளத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்கள். ஒரே அறை. மழை பெய்தால் சமையல் மேடைக்கு மேலே ஒழுகும். அந்த இடத்தில் குண்டா வைத்துவிட்டு அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

ஐந்தாம் மாதத்தில் அவளுக்குத் தள்ளுவண்டிக் காளான் மீது தீராத ஆசை. முட்டைக்கோசும் மாவுமாகக் கிளறிய அந்தக் காளானைக் கவின் ஷிப்ட் முடிந்து வரும்போது தினமும் பொட்டலம் கட்டி வாங்கிவருவான். மேலே தூவிய வெங்காயம் நனைந்து போயிருக்கும். "இதுல காளானே இல்லை, தெரியுமா" என்பான். "பேசாம ஊட்டு" என்பாள். அந்த ஐந்து மாதத்தில் அவர்கள் சண்டையே போட்டதில்லை. பிறகு ஒரு ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வகுப்பில் இருந்தபோது வயிறு வலித்தது. மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மயக்க மருந்து தெளிந்து பார்த்தபோது அம்மா மட்டும்தான் பக்கத்தில் இருந்தாள். என்ன குழந்தை என்று இலக்கியா கேட்டாள். யாரும் சொல்லவில்லை.

கவின் அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அழவும் இல்லை. வேலைக்குப் போனான், வந்தான். அவனுக்கு வலிக்கவேயில்லை என்று அவள் நினைத்தாள். அம்மாவுடன் தாராபுரத்துப் பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஒரு வருஷத்தில் பிரிந்தார்கள். மூன்று வருஷம் கழித்து மித்ரன் பெண் பார்க்க வந்தபோது, முதல் கல்யாணத்தை மறைக்காமல் சொன்னார்கள். அந்த ஐந்து மாதத்தைச் சொல்லவில்லை. "அதை எதுக்குச் சொல்லிக்கிட்டு?" என்றாள் அம்மா. அப்போது தள்ளிப்போட்டது, தள்ளிப்போட்டதாகவே இருந்துவிட்டது.

மித்ரன் காய்கறிக் குளிர்கிடங்கு ஒன்றில் மேலாளர். அதிகம் பேசாதவன். வியாழன் சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்ததும் முதலில் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டான்.

"நடுவுல கொஞ்சம் ஆறலையாம். திங்கட்கிழமை வரச் சொல்லிருக்காரு."

"சரி" என்றான். அவ்வளவுதான். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டானா இல்லையா என்று அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, சிஸ்டர் சொன்னபடியே கசிவைத் துடைத்து, பஞ்சு வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டான். அந்த இரண்டு சென்டிமீட்டரைத் துடைக்கும்போது அவன் கை மற்ற இடத்தைவிட மெதுவாகப் போனதுபோல அவளுக்குத் தோன்றியது. அல்லது பயத்தில் அப்படித் தோன்றியதோ என்னவோ.

வெள்ளிக்கிழமை அவன் வேலைக்குப் போவதாகச் சொல்லிப் போனான். மத்தியானம் கிடங்கிலிருந்து ஆள் பேசியபோதுதான் அவன் விடுப்பு என்பது அவளுக்குத் தெரிந்தது. சாயங்காலம் வந்தவனிடம் கேட்க நாக்கு எழவில்லை. பொண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியவரின் கதை காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை லேசாகக் காய்ச்சல் கண்டது. புண் இன்னும் அரை சென்டிமீட்டர் விரிந்திருந்தது. துடைத்துவிடச் சொல்லிவிடலாம் என்று அன்று பத்துத் தடவையாவது முடிவு செய்தாள். டாக்டரின் எண் வரைக்கும் போனாள். ஒவ்வொரு தடவையும், இத்தனை வருஷம் எங்கேயோ ஒண்டிக்கொண்டு கிடந்து, அறுபட்டதும் ஓடிவந்த ஒன்றைத் துரத்தச் சொல்லி எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று கையை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மித்ரன் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், பழைய தோழி ஒருத்தியிடம் கேட்டுக் கவின் வேலை பார்க்கும் இடத்தைத் தெரிந்துகொண்டாள். போத்தனூரில் ஒரு பேருந்துப் பணிமனை. இப்போது பேருந்துகள் தாமாகவே ஓடுகின்றன. அவை வழி தவறாமல் போகின்றனவா என்று ஒரு அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை.

குனிந்த வாக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் அந்த அறைக்குள் போனபோது, அவன் எழுந்து நின்றான். முன்மண்டை வழுக்கையாகியிருந்தது. கண்ணாடி போட்டிருந்தான். தோள் மட்டும் அதே தோள், ஸ்டியரிங் பிடித்த தோள்.

"வாங்க" என்றான். பிறகு, "வா. உக்காரு. நாற்காலி உசரமா இருக்குது, இரு, இதுல உக்காரு" என்று தன் நாற்காலியைத் தள்ளிவிட்டான்.

அவள் வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகளை மறந்துவிட்டாள். "உன்கிட்ட ஒரு உதவி கேக்கணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"தெரியும் இலக்கியா" என்றான் அவன். "உங்க வீட்டுக்காரரு வெள்ளிக்கிழமை வந்திருந்தாரு."

அவளுக்குக் கோபம் வந்தது. "எதுக்கு வந்தாரு? என்னைய ஒரு வார்த்தை கேக்காம?"

"நானும் அதேதான் கேட்டேன். ரிப்போர்ட்டைக் காட்டினாரு. என்ன ஏதுன்னு பொறுமையாச் சொன்னாரு. 'இது உங்க குழந்தையா இருக்குமான்னு எனக்குத் தெரியாதுங்க. இருந்துச்சுன்னா, மாதிரியும் கையெழுத்தும் குடுத்து வெச்சிருங்க. அவ உங்களைத் தேடி வந்தா மட்டும் குடுங்க. திங்கட்கிழமைக்குள்ள வரலைன்னா கிழிச்சுப் போட்டுருங்க. நான் வந்ததை நீங்களாச் சொல்ல வேண்டியதில்லை'ன்னாரு. எனக்குத்தான் மறைக்க வரலை."

அவன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சிறு குழாயையும் மடித்த தாளையும் எடுத்து அவள் முன் வைத்தான். குழாயின் வாய் ஒட்டி முத்திரையிடப்பட்டிருந்தது. இலக்கியா அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த பெரிய திரையில் நூறு பேருந்துகள் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருந்தன.

"நீ எப்படி நம்பின?" என்று கேட்டாள். "வேற யாரோடதாவும் இருக்கலாமில்லை? நாம பிரிஞ்சு இத்தனை வருஷம் ஆச்சு."

"ஆம்பளை செல்லுன்னு சொன்னாரு. அதான் நம்பினேன்."

"நமக்கு என்ன குழந்தைன்னே தெரியாதே கவின்."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான். "ஸ்கேன்ல சொல்லக்கூடாதுன்னு சட்டம், அன்னிக்கு நர்ஸும் சொல்லலை. ஒரு அட்டைப் பெட்டியில வெச்சு என் கையில குடுத்தாங்க. நொய்யல் கரையில கொண்டுபோய்ப் பொதைக்கச் சொன்னாங்க. அப்ப திறந்து பார்த்தேன். பார்க்காமப் பொதைக்க எனக்கு மனசு வரலை. பையன். விரலெல்லாம் இருந்துச்சு. உன்னைய மாதிரியே சுண்டுவிரலு கொஞ்சம் வளைஞ்சு."

இலக்கியா தன் சுண்டுவிரலைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் ஏன்டா என்கிட்டச் சொல்லலை?"

"ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தப்ப உங்கம்மா வராண்டாவுல நின்னுக்கிட்டிருந்தாங்க. 'மாப்பிள்ளை, என்ன குழந்தைன்னு அவகிட்டச் சொல்லிராதீங்க. சொன்னா அதுக்கொரு மொகம் வந்துரும், மறக்கமாட்டா. நீங்களும் அழுகாதீங்க, நீங்க அழுதா அவ தாங்கமாட்டா'ன்னு கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. அவங்க என்கிட்டப் பேசின மொத வார்த்தையே அதுதான். எனக்கு அப்ப இருபத்தாறு வயசுதான். பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனைச்சேன். வண்டி ஓட்டறப்பத்தான் அழுவேன். பாட்டுச் சத்தத்துல யாருக்கும் கேக்காது."

அம்மா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கோபித்துக்கொள்ளவும் ஆள் இல்லை. அன்றைக்கு அவன் ஒருமுறை, ஒரே ஒருமுறை அவள் முன்னால் உட்கார்ந்து அழுதிருந்தால் அவள் தாராபுரத்துக்குப் போயிருக்கமாட்டாள். அதை அவனிடம் சொல்லத்தான் வாய் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம், மரச்சட்டத்துக்குள் அவனும் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊட்டியில் எடுத்த படம் இருந்தது. பெரியவள் அவன் ஜாடை. சொல்லாமல் விட்டுவிட்டாள்.

அவள் குழாயையும் தாளையும் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கவின் வாசல் வரை வந்தான். அவளுக்காக ஒரு பேருந்தை வழிமாற்றிப் பணிமனை வாசலுக்கே வரவழைத்திருந்தான். அதில் பாட்டும் இல்லை, டிரைவரும் இல்லை. டிரைவர் இருக்கை இருந்திருக்கவேண்டிய இடத்துக்குப் பின்னால் அவள் உட்கார்ந்தாள். வண்டி திரும்பும்வரை அவன் வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.

வீட்டில் மித்ரன் சந்தையிலிருந்து வாங்கிவந்த கீரையை ஆய்ந்துகொண்டிருந்தான். அவள் கைப்பையிலிருந்து குழாயை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் கீரையை விட்டுவிட்டு அதையே பார்த்தான்.

"உங்களை யாரு போகச் சொன்னது?"

"யாரும் சொல்லலை."

"வியாழக்கிழமையே படிச்சிட்டீங்க. மூணு நாளா நான் செத்துச் செத்துப் பொழைச்சேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லைங்க?"

"நீயும் இருபது வருஷமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றான் மித்ரன். குரலில் கோபம் இல்லை. ஆனால் வலி இருந்தது. அதை அவன் மறைக்கவும் இல்லை. "படிச்சதும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. செல்லுக்காக இல்லை. அந்த அஞ்சு மாசத்தை எங்கிட்டச் சொல்லாம நீ ஒத்தையாத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிருக்கியேன்னு. தூரிகா வயித்துல இருந்தப்ப அஞ்சாவது மாசம் நீ ராவும் பகலும் எழுந்திருக்காமப் படுத்துக் கிடந்த. நான் சோம்பேறித்தனம்னு கேலி பண்ணினேன். ஞாபகம் இருக்குதா?"

அவள் தலையாட்டினாள்.

"அப்புறம் வேற ஒரு பயம் வந்துச்சு. எனக்குப் பயந்துக்கிட்டு நீ அதைத் துடைக்கச் சொல்லிருவியோன்னு. அதான் போனேன்."

"அதை என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா, எனக்காக வெச்சுக்கிட்ட மாதிரி ஆயிடும். அது உன்னோட பையன். நீயாத்தான் போய்க் கேக்கணும்."

இலக்கியா மெதுவாக அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எழுந்திருக்கும்போது அவன் தூக்கிவிட வேண்டியிருந்தது. நடுவில் இருந்த நேரத்தில் அவள் அந்த மாடி வீட்டையும், ஒழுகும் கூரையையும், காளான் பொட்டலத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மித்ரன் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அதுல நெஜமாவே காளான் கெடையாதா?"

திங்கட்கிழமை இருவரும் சேர்ந்தே போனார்கள். டாக்டர் முபாரக் குழாயை வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ஐயமில்லை. இலக்கியாவுக்கும் கவின்ராஜுக்கும் பிறந்தது. 'பிறந்தது' என்றுதான் திரையில் இருந்தது.

"இனிப் பதிவு மட்டுந்தானுங்க" என்று ரெபேக்கா படிவத்தைத் திறந்தாள். "உறவு என்னன்னு கேக்குது."

"மகன்" என்றாள் இலக்கியா. அந்தச் சொல்லை அந்த அர்த்தத்தில் அவள் அதற்கு முன் வாய்விட்டுச் சொன்னதேயில்லை.

"பேரு?"

இலக்கியா மித்ரனைப் பார்த்தாள். பெயர் இல்லை. இப்போது வைப்பதும் சரியாகப் படவில்லை. "ஆஸ்பத்திரித் தொட்டில்ல எழுதற மாதிரி எழுதிருங்க சிஸ்டர். பேபி ஆஃப் இலக்கியா."

"பொறந்த தேதி? டாக்டர் குறிச்சுக் குடுத்த தேதி போதுமுங்க."

"நவம்பர் ஒன்பது, 2037." அதை அவள் யோசிக்கவேண்டியிருக்கவில்லை.

அடுத்த கட்டத்தில் ரெபேக்காவின் விரல் நின்றது. திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். உயிருடன் இருக்கிறார், காலமானார் என்று இரண்டு சதுரங்கள்.

"காலமானார்னு போடுங்க" என்றாள் இலக்கியா.

ரெபேக்கா தொட்டாள். சிவப்பாக ஒரு வரி வந்தது. அவள் படித்துச் சொன்னாள். "இறப்புச் சான்றிதழ் கேக்குதுங்க."

"அஞ்சு மாசத்துல போனதுக்கு யாருங்க சான்றிதழ் குடுத்தாங்க? பொறந்ததாவே எங்கயும் எழுதலையே."

"எழுதமாட்டாங்க. அதனால இந்தக் கட்டத்துல எல்லாருமே இப்படித்தான் நிக்கறாங்க." ரெபேக்கா அவளைப் பார்த்தாள். "சான்றிதழ் இல்லாம எறந்ததாப் பதிய விடாதுங்க. விட்டுட்டு அடுத்ததுக்கும் போக விடாது. இன்னொரு சதுரந்தான் இருக்குது. போடட்டுங்களா?"

இலக்கியா இரண்டு சதுரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். மித்ரன் அவள் தோளுக்கு மேல் எட்டி அந்தச் சதுரத்தைத் தொட்டான்.

புண் மூடப் பதினாறு நாள் ஆனது. ஆறிய இடத்தில், டாக்டர் சொன்னபடியே, தடிப்பாக ஒரு வடு நின்றது. விடுமுறைக்கு வந்த தூரிகா அதைத் தொட்டுப் பார்த்தாள். அம்மா சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டாள். "எனக்கு அண்ணனா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு ஓசூருக்குத் திரும்பும்வரை அம்மாவின் சுண்டுவிரலையும் தன் சுண்டுவிரலையும் அடிக்கடி சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். புரட்டாசி மழை நின்றதும் இலக்கியா மைதானத்துக்குத் திரும்பினாள். கயிறு தாண்டினாள். அவளோடு சேர்ந்து வயிறும் ஒரே முறைதான் தாண்டியது.

நவம்பர் ஒன்பதாம் தேதி காலையில் அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது குடும்ப நலப் பக்கம் ஒலித்தது. மித்ரன் எடுத்துப் பார்த்தான். பார்த்தவன் அவளிடம் கொண்டுவந்து காட்டினான்.

'உங்கள் மகனுக்கு இன்றுடன் இருபத்துநான்கு வயது நிறைகிறது. ஆண்டு மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்து வரவும். உங்கள் வீட்டில் வசிக்காத பட்சத்தில் இந்தப் பதிவை நீக்கலாம்.'

கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. தோசை ஓரம் கருகிக்கொண்டிருந்தது. இலக்கியா அடுப்பை அணைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, 'அடுத்த ஆண்டு நினைவூட்டு' என்பதைத் தொட்டாள்.